யாரும் படிக்காத படிவம்

ஜூலை 9, 2024 – செவ்வாய்

காலை ஒன்பது மணிக்கே வெயில் மண்டையைப் பிளக்கிறது. ஸ்கூட்டியை நிறுத்த நிழல் தேடிக்கொண்டிருந்தபோதே, அண்ணாச்சி உடனே வரச் சொன்னதாக வாட்ச்மேன் வந்து சொன்னார். ராஜபாண்டியன் அண்ணாச்சி முதலாளிதான், ஆனால் கத்துகிற முதலாளி இல்லை. மனசு சரியில்லை என்றால் மேஜைக் கண்ணாடியைத் துண்டால் துடைக்க ஆரம்பித்துவிடுவார். இன்றைக்கு நான் உள்ளே போகும்போதே கண்ணாடி பளபளவென்று இருந்தது.

நம்மிடம் மருந்துக்கு அட்டைப்பெட்டி அடிக்கிற ஹைதராபாத் பார்ட்டி ரேட்டைக் குறைத்துவிட்டானாம். அந்த ரேட்டில் இரண்டாம் சிப்ட் கட்டுப்படியாகாது. ஆவணியோடு மூடிவிடலாமா என்று யோசிக்கிறார்.

"தரம் தரம்னு எழுதிக் குவிக்கிறோம். அதுல எம்புட்டு நேரம் போகுதுன்னு யாராச்சும் பாத்திருக்கமா? கண்ணுக்குத் தெரியாத செலவு அங்கனதான் இருக்கு. நீயே பாத்துக் குறைச்சுக் குடும்மா. குறைஞ்சா சிப்ட் ஓடும்."

நல்ல கூத்து. தரக் கட்டுப்பாட்டுக்கு நான்தான் பொறுப்பு. குவித்ததில் முக்கால்வாசி நான் குவித்தது.

ஆனால் சிரிக்கத் தோன்றவில்லை. இரண்டாம் சிப்ட்டில் அத்தான் இருக்கிறார், அக்கா வீட்டுக்காரர். ஐம்பது தாண்டிய பஞ்சிங் ஆபரேட்டரை இந்த ஊரில் வேறு எந்த கம்பெனி கூப்பிட்டு வேலை தரும்?

ஜூலை 10 – புதன்

அக்காவிடம் சொல்லவில்லை. அவள் உடனே சாமிக்கு நேர்ந்துகொண்டு ஊரையே கூட்டிவிடுவாள். அத்தான் மத்தியானம் சிப்ட்டுக்குக் கிளம்பும்போது வாசலில் வைத்து மெதுவாகச் சொன்னேன். செருப்பை மாட்டிக்கொண்டே கேட்டார். "உன்கிட்டதான குடுத்துருக்காரு, நீ பாத்துக்கிடுவே தாயி" என்று சொல்லிவிட்டு சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அவ்வளவுதான் சங்கரலிங்கம் அத்தான். அப்பா இறந்தபோது நான் பிளஸ் டூ. அக்காவுக்கு அப்போதுதான் கல்யாணமாகியிருந்தது. பிரிண்டிங் டெக்னாலஜி டிப்ளமாவில் என்னைச் சேர்த்துவிட்டதும் அவர்தான், இதே கம்பெனியில் கொண்டுவந்து விட்டதும் அவர்தான். இன்றுவரை அவர்கள் வீட்டு மாடியில்தான் இருக்கிறேன். கல்யாணம் எப்போது என்று கேட்கிறவர்களிடம் இந்த ஆடிட் முடியட்டும் என்று சொல்லியே பல வருஷம் ஓட்டிவிட்டேன்.

சிப்ட்டை மூட விடக் கூடாது. இது மட்டும்தான் இப்போது மனசில்.

ஜூலை 16 – செவ்வாய்

எல்லாப் படிவங்களையும் எடுத்து மீட்டிங் ரூம் தரையில் பரப்பினேன். கால் வைக்க இடமில்லை.

ஒவ்வொன்றுக்கும் ஒரு பிறந்த கதை இருக்கிறது. ஒரு தடவை பெட்டியில் பசை வழிந்து பார்ட்டி திட்டினான். உடனே பசை வாளிக்கு ஒரு படிவம். ஒரு தடவை மை ஷேடு மாறியது. அதற்கு இரண்டு படிவம், ஒன்று மிஷினில் எழுத, இன்னொன்று அதையே பார்த்து என் அறையில் எழுத. தப்பு நடந்தால் திருத்துவதைவிட ஒரு படிவம் போட்டுவிடுவது சுலபம். படிவம் போட்டால் எல்லோரும் நிம்மதியாகத் தூங்கலாம். தப்பு மறுபடி நடந்தால், எழுதாதவன் தலையில் கட்டலாம்.

இதில் ஒன்று, படிவங்கள் ஒழுங்காக அடுக்கப்பட்டனவா என்று பார்ப்பதற்கான படிவம். சத்தியமாக இருக்கிறது. கீழே கையெழுத்து என்னுடையது. தனியாக உட்கார்ந்து கண்ணில் நீர் வரும் வரை சிரித்தேன்.

யார் எழுதுகிறார்கள், யார் படிக்கிறார்கள், படித்து என்ன செய்கிறார்கள். இந்த மூன்று கேள்வியோடு நாளையிலிருந்து ஒவ்வொரு மிஷினாகப் போகப் போகிறேன்.

ஜூலை 23 – செவ்வாய்

ஒரு வாரமாகக் கையில் ஸ்டாப்வாட்சோடு திரிகிறேன். பெட்டி ஒட்டுகிற பேஸ்டிங் பெண்கள் என்னை ஓட்டப்பந்தய வாத்தியார் என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள்.

பாதிப் படிவங்களை யாருமே படிப்பதில்லை. எழுதுகிறவருக்கே எதற்கு என்று தெரியவில்லை.

இன்று இரண்டாம் சிப்ட்டில் பஞ்சிங் பக்கம் நின்றேன். அச்சான அட்டையை வடிவத்துக்கு வெட்டுகிற வேலை. மிஷினின் இரண்டு தாடையும் திறந்து திறந்து மூடும். திறக்கிற நேரத்துக்குள் வலது கையால் அட்டையை வைக்க வேண்டும், இடது கையால் வெட்டியதை எடுக்க வேண்டும். அத்தானுக்கு அது மூச்சு விடுகிற மாதிரி. மணிக்கு ஒரு தடவை மிஷினை நிறுத்திவிட்டு, ஒரு அட்டையை எடுத்து ஸ்கேல் வைத்து அளந்து, பதினேழாம் படிவத்தில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். ஆபரேட்டர்கள் அதைத் ‘தாளு நேரம்’ என்கிறார்கள்.

அத்தான் எழுதியது ஒரு நிமிஷம்கூட இருக்காது. மீதி நேரம் தண்ணீர் குடித்தார், தோளைச் சுழற்றினார், ஜன்னல் பக்கம் போய் நின்று வெளியே பார்த்தார். எனக்கும் ஒரு கடலை மிட்டாய் கொடுத்தார். பத்து நிமிஷம் கழித்துத்தான் மிஷின் மறுபடி ஓடியது. அந்தப் பத்து நிமிஷத்தையும் பதினேழாம் படிவத்தின் செலவு என்று குறித்துக்கொண்டேன். மிஷின் நின்ற நேரம் எதற்காக நின்றதோ அதன் கணக்கில். அதுதான் முறை.

இத்தனைக்கும் அந்த அளவை யாரும் பார்ப்பதில்லை. அட்டை அளவு பிசகினால் அடுத்த மேஜையில் பேஸ்டிங் பெண்கள் ஒவ்வொன்றாக எடுக்கும்போதே சொல்லிவிடுவார்கள். நான் தேடிய செலவிலேயே பெரிய செலவு இதுதான்.

ஆகஸ்ட் 3 – சனி

ஆடிப் பதினெட்டு. அடுத்த வருஷக் காலண்டர் ஆல்பத்துக்குப் பூஜை. சிவகாசி முழுக்க இன்றைக்குச் சந்தன வாசனைதான். ஏஜெண்டுகள் வந்து முருகன், பிள்ளையார், ஏசு, மெக்கா, இயற்கைக் காட்சி என்று புரட்டிப் புரட்டி ஆர்டர் எழுதினார்கள். இனி மார்கழி வரை மிஷினுக்கும் ஆளுக்கும் ஓய்வு கிடையாது.

பூஜை முடிந்ததும் அண்ணாச்சியிடம் என் கணக்கைக் கொடுத்தேன். எந்தெந்தப் படிவம் போகிறது, எவை ஒன்றாகின்றன, எவ்வளவு நேரம் மிச்சம். பதினேழாம் படிவம் போனாலே மூன்று பஞ்சிங் மிஷினும் சேர்த்து எவ்வளவு கூட ஓடும் என்று காட்டினேன். துண்டை எடுக்கவே இல்லை அவர். இரண்டு தடவை படித்தார். "இதைத்தாம்மா கேட்டேன். சிப்ட் ஓடட்டும்" என்றார்.

சந்தோஷத்தில் எனக்குக் காலே தரையில் பாவவில்லை. நேராக அத்தானிடம் போய்ச் சொன்னேன். கையில் பொங்கல் தொன்னையோடு நின்றுகொண்டிருந்தார்.

"அப்ப இனி மணிக்கு ஒருக்க நிப்பாட்ட வேணாமா?"

"வேண்டாம் அத்தான். சிப்ட் ஆரம்பத்துல ஒரு தடவை பார்த்தாப் போதும்."

தொன்னையில் கிடந்த பொங்கலைக் கிளறினார். பிறகு "சரி, நல்லதுதான" என்று தொன்னையை நீட்டி, ஒரு வாய் எடுத்துக்கொள் என்றார்.

ஆகஸ்ட் 14 – புதன்

அக்காவுக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. யாரோ சொல்லியிருக்கிறார்கள். மூடப்போன சிப்ட்டை உன் தங்கச்சிதான் ஓட வைத்தாள் என்று. பாயசம் வைத்து மாடிக்கே கொண்டுவந்தாள். "ஏட்டி, எங்கிட்ட ஒரு வார்த்தை சொன்னியா நீ" என்று முதுகில் ஒரு அடி. பிறகு கட்டிக்கொண்டாள். மதுரையில் நர்சிங் படிக்கிற பிரீத்திகாவுக்குப் போன் போட்டு, சித்தி உன் அப்பா வேலையைக் காப்பாற்றிவிட்டாள் என்று பெருமை வேறு.

அம்மா இருந்திருக்கலாம் என்று தோன்றியது.

ஆகஸ்ட் 29 – வியாழன்

சீசன். எழுத நேரமில்லை. படிவம் குறைந்ததில் எனக்கு மட்டும் ஏன் வேலை குறையவில்லை?

செப்டம்பர் 11 – புதன்

பஞ்சிங் உற்பத்தி நான் போட்ட கணக்கையும் தாண்டிவிட்டது. அண்ணாச்சி எல்லோர் முன்னாலும் என்னைப் பெயர் சொல்லிப் பாராட்டினார்.

அத்தான்தான் சோர்ந்து தெரிகிறார். ஞாயிற்றுக்கிழமை சாப்பிடும்போது தட்டு முன்னாலேயே கண் சொருகிவிட்டது. தோளில் வலி என்று அக்கா தைலம் தேய்த்துவிடுகிறாள். என்ன அத்தான் என்றால், "சீசன்ல எல்லாருக்கும் இருக்கதுதான் தாயி" என்கிறார். லீவு போடச் சொன்னேன். சீசனில் லீவு போட்டால் சிப்ட்டைக் காப்பாற்றிக் கொடுத்த நீ என்ன நினைப்பாய் என்றார். வேடிக்கையாகத்தான் சொன்னார்.

செப்டம்பர் 19 – வியாழன்

அத்தான் கை. கடவுளே. எழுத வரலை.

செப்டம்பர் 22 – ஞாயிறு

மதுரை ஆஸ்பத்திரியில் இருந்து வந்து குளித்துவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். எங்காவது எழுதிவைக்காவிட்டால் பைத்தியம் பிடித்துவிடும் போலிருக்கிறது.

அன்றைக்குச் சாயங்கால டீக்குக் கொஞ்சம் முன்னால். நான் என் அறையில் இருந்தேன். மிஷின் சத்தம் ஒன்று குறைந்தது. அப்புறம்தான் கூச்சல். ஓடிப்போய்ப் பார்க்கும்போது அத்தான் மிஷின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தார், இடது கையால் வலது கையைப் பிடித்துக்கொண்டு. முகத்தில் வலி இல்லை. ஏதோ தொலைத்துவிட்டவர் மாதிரி விழித்துக்கொண்டிருந்தார். ரத்தம் முருகன் படம் போட்ட அட்டை மேலெல்லாம். ஆட்காட்டி விரலும் நடுவிரலும் இல்லை.

முன்னால் கை பட்டால் மிஷினை நிறுத்துகிற பாதுகாப்புக் கம்பி இருந்தது, சரியாகவும் இருந்தது. வைத்த அட்டை கோணலாகப் போனதைச் சரிசெய்யப் பக்கவாட்டில் கை போயிருக்கிறது. இத்தனை வருஷத்தில் ஆயிரம் தடவை கோணலாகப் போயிருக்கும். ஒவ்வொரு தடவையும் அவர் கை தாடைக்கு முந்திக்கொண்டது. அன்றைக்கு முந்தவில்லை.

அண்ணாச்சி தன் காரிலேயே ஏற்றிக்கொண்டு மதுரைக்கு வந்தார். வழியெல்லாம் அத்தான் தலையைத் தன் மடியில் வைத்திருந்தார். வெள்ளை வேட்டி முழுக்க ரத்தம். அதையும் சொல்லத்தான் வேண்டும்.

ஒட்டவைக்க முடியவில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். அக்கா அழவே இல்லை. பிரீத்திகாதான் கட்டைப் பார்த்துப் பார்த்து, மருந்து நேரம் கேட்டுக் கேட்டு எழுதிக்கொள்கிறாள். அந்தப் பிள்ளை படித்தது இதற்கா.

செப்டம்பர் 25 – புதன்

வேலைக்குப் போனேன். அத்தான் மிஷினைக் கழுவித் துடைத்துவிட்டார்கள். மற்ற இரண்டும் ஓடிக்கொண்டிருந்தன.

என்னவோ, போய் அதில் ஒன்றின் எதிரில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தேன். மத்தியானச் சிப்ட் தொடங்கியதிலிருந்து டீ வரும் வரை. ஆபரேட்டர் ஒச்சப்பன் ஒரு தடவைகூட நிறுத்தவில்லை. கையை வைக்கிறார், எடுக்கிறார், வைக்கிறார், எடுக்கிறார். கழுத்தில் வேர்வை ஓடுகிறது, துடைக்க முடியவில்லை, தோளை உயர்த்திக் காதோரம் தேய்த்துக்கொள்கிறார். கண் ஒரு இடத்திலேயே நிற்கிறது. பார்க்கிற கண் இல்லை அது.

அப்போதுதான் எனக்கு அந்தப் பத்து நிமிஷம் ஞாபகம் வந்தது.

தண்ணீர் குடித்தார். தோளைச் சுழற்றினார். ஜன்னலில் நின்றார். நான் அதைப் பார்த்தேனே! பக்கத்தில் நின்று கடலை மிட்டாய் தின்றுகொண்டே பார்த்தேனே! தாளுக்கு ஒரு நிமிஷம், மனுஷனுக்கு ஒன்பது நிமிஷம். ஒன்பதையும் தாள் கணக்கில் எழுதி, வீண் என்று கோடு போட்டேன்.

எங்கள் ஊர்க் கம்பெனிகளில் மிஷினைத் தனக்காக நிறுத்துகிற வழக்கம் கிடையாது. கரண்ட் போனால் நிற்கும். லோடு ஏற்ற ஆள் வேண்டும் என்றால் நிற்கும். ஆடிட் தாள் எழுத நிற்கும். எனக்குக் கை ஓய்ந்துவிட்டது என்று சொல்லி நிறுத்தியவர் ஒருவரைக்கூட நான் பார்த்ததில்லை. அப்படி நிறுத்தினால் சோம்பேறி என்பார்கள். அந்த ஒரு தாள்தான் சாக்காக இருந்தது. அத்தான் அன்றைக்குக் கேட்டாரே, இனி நிறுத்த வேண்டாமா என்று. என்ன கேட்கிறார் என்று எனக்கு உறைக்கவே இல்லையே. அவராலும் அதற்கு மேல் கேட்க முடியவில்லை. எப்படிக் கேட்பார்? என்ன வார்த்தை சொல்லிக் கேட்பார்?

செப்டம்பர் 27 – வெள்ளி

அண்ணாச்சி கூப்பிட்டார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

ஹைதராபாத் பார்ட்டியின் ஆடிட் அடுத்த மாதம். விபத்து நடந்தால் அவர்களுக்கு அறிக்கை காட்ட வேண்டும், அதில் மூல காரணம் என்று ஒரு கட்டம். அதில் ஆபரேட்டரின் கவனக்குறைவு என்று எழுதிவிடச் சொன்னார். அப்படி எழுதினால் அதோடு முடிந்துவிடும், வேறு ஏதாவது எழுதினால் தோண்டுவார்கள், ஆர்டர் போனால் சிப்ட் போகும், நாற்பது குடும்பம் தெருவில் நிற்கும். ஈ.எஸ்.ஐ. பணத்துக்கு ஒரு பங்கமும் வராது, அத்தானுக்குக் கம்பெனியிலேயே உட்கார்ந்து பார்க்கிற வேலை கொடுத்துவிடுகிறேன் என்றார்.

நான் பதினேழாம் படிவத்தைப் பற்றிச் சொன்னேன். அண்ணாச்சி துடைப்பதை நிறுத்தினார். அவருக்கும் அதுவரை தோன்றவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. துண்டை மடித்து வைத்துவிட்டு, "அது நமக்குள்ள இருக்கட்டும்மா" என்றார்.

கெட்டவர் என்றால் ஒரு திட்டுத் திட்டிவிட்டு வந்திருப்பேன். நாற்பது குடும்பம் என்று அவர் சொன்னதும் பொய் இல்லை.

ஆனால் நான் கவனக்குறைவு என்று எழுதினால், அந்தத் தாள் உண்மை ஆகிவிடும். ஒச்சப்பன் நாளைக்கும் நிறுத்தாமல் ஓட்டுவார்.

செப்டம்பர் 28 – சனி

மதுரை. அக்கா சாப்பாடு வாங்கப் போயிருந்த நேரம் அத்தானே பேச்சை எடுத்தார். அண்ணாச்சி வந்து பார்த்துவிட்டுப் போயிருக்கிறார்.

"அவரு சொன்னபடி எழுதிரு தாயி. எங் கவனந்தான் பிசகிப்போச்சு."

இல்லை அத்தான் என்று ஆரம்பித்தேன். படிவம், பத்து நிமிஷம், என் கணக்கு, எல்லாம் சொன்னேன். அழாமல் சொல்ல முடியவில்லை. இடது கையால் என் தலையைத் தொட்டார்.

"தெரியும்லா. மொத வாரத்துலயே தெரியும். தோளு சொல்லிருச்சு."

"அப்புறம் ஏன் என்கிட்ட சொல்லலை?"

"நீ எனக்காகத்தான செஞ்சே. அதைப் போய்க் கொறை சொல்வாகளா?"

இந்த வார்த்தையை நான் எங்கே கொண்டுபோய் வைப்பேன்.

பிறகு அக்காவிடமும் வராந்தாவில் வைத்துச் சொன்னேன். மறைத்துவைத்துக்கொண்டு அவள் கையால் சோறு வாங்கிச் சாப்பிட முடியாது. கேட்டுக்கொண்டே நின்றாள். கையில் இட்லிப் பொட்டலம். கத்துவாள் என்று நினைத்தேன், அடிப்பாள் என்று நினைத்தேன். மெதுவாகத்தான் பேசினாள்.

"நீ எழுதுனா அவரு விரலு வந்துருமா? எழுதாம இருந்தா வேலையாச்சும் மிஞ்சும். அவரு வாயத் தொறந்து உங்கிட்ட ஒண்ணே ஒண்ணுதான் கேட்டுருக்காரு, இத்தன வருஷத்துல. அதக் கேளு."

செப்டம்பர் 30 – திங்கள்

எழுதிவிட்டேன்.

மூல காரணம்: மணிக்கு ஒரு முறை பஞ்சிங் மிஷின் நிற்பது ஆகஸ்ட் மாதம் நீக்கப்பட்டதால் ஆபரேட்டருக்கு ஓய்வு இல்லாமல் போனது. முடிவைப் பரிந்துரைத்தவர்: சுகிர்தா, தரக் கட்டுப்பாடு. ஆபரேட்டர் மீது தவறு இல்லை.

அண்ணாச்சி படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். கையெழுத்து மட்டும் போடவில்லை. நான் போட்ட கையெழுத்தோடு அப்படியே கோப்பில் வைத்தேன்.

அத்தான் கேட்டதைக் கேட்கவில்லை. என்னைப் படிக்கவைத்தவர் கேட்டது. ஒருவேளை நாற்பது பேர் வேலையையும் சேர்த்து வாரிக் கொட்டிவிட்டேனோ? நான் நல்லவள் என்று காட்டிக்கொள்ள அத்தான் சோற்றில் மண்ணைப் போட்டுட்டேனா? எனக்குத் தெரியலை. ஆனா அந்த மனுஷன் கவனமில்லாதவர்னு என் கையால எழுத வரலை, வரவே இல்லை.

அத்தானை நேற்றே வீட்டுக்குக் கூட்டிவந்துவிட்டோம். கீழே போய் அக்காவிடம் நானே சொன்னேன். கதவைச் சாத்திக்கொண்டாள்.

அக்டோபர் 11 – வெள்ளி

ஆயுத பூஜை. எல்லா மிஷினுக்கும் மாலை, பொட்டு. அத்தான் மிஷினுக்கும் யாரோ சந்தனம் தடவியிருந்தார்கள். பொரியை வாங்கிக்கொண்டு அந்தப் பக்கமே போகாமல் வந்துவிட்டேன்.

வீட்டில் அக்கா சாப்பாட்டைப் பிரீத்திகா கையில் கொடுத்துவிடுகிறாள். அவள் மதுரைக்குப் போய்விட்டால், அக்காவே படியில் வைத்துவிட்டு ஒரு தட்டு தட்டிவிட்டுப் போகிறாள்.

அக்டோபர் 24 – வியாழன்

ஆடிட் முடிந்தது. வந்தவர் நடுத்தர வயதுக்காரர், சிரிக்காத ஆசாமி. என் அறிக்கையை எடுத்து வைத்துக்கொண்டு இரண்டு தடவை படித்தார். அண்ணாச்சி கர்ச்சீப்பால் தன் கைக்கடிகாரத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார், மீட்டிங் ரூம் மேஜை அவருடையது இல்லையே.

நான் பயந்தது நடக்கவில்லை. ஒளிக்காமல் எழுதியிருக்கிறீர்கள் என்று மட்டும் சொன்னார். ஆர்டரை நிறுத்தச் சொல்லி எழுதவில்லை. அப்புறம் கேட்டார், இதற்கு என்ன பரிகாரம் செய்திருக்கிறீர்கள் என்று.

மணிக்கு ஒரு தடவை மிஷினை நிறுத்தி ஆபரேட்டருக்கு ஓய்வு கொடுக்கப் போகிறோம் என்றேன். அண்ணாச்சியிடம் கேட்காமலே சொல்லிவிட்டேன். அண்ணாச்சி என்னைப் பார்த்தார், மறுக்கவில்லை.

சரி, ஓய்வு கொடுத்ததற்குச் சான்று எங்கே இருக்கும் என்றார் அவர். சான்று எதற்கு, மிஷின் நிற்பதை யார் வேண்டுமானாலும் பார்க்கலாமே என்றேன். தாளில் இல்லாவிட்டால் அது நடக்கவில்லை என்றுதான் நான் எழுத வேண்டியிருக்கும் அம்மா என்று பணிவாகவே சொன்னார்.

எதில் எழுதுவது? ஓய்வு என்று தலைப்புப் போட்டால் எந்த ஆபரேட்டரும் கையெழுத்துப் போட மாட்டான். வெட்கப்படுவான். கடைசியில் நானே சொன்னேன், பழையபடி அளவு பார்த்து எழுதுகிற தாளையே வைத்துக்கொள்கிறோம் என்று. பதினேழாம் படிவம். நான் கோடு போட்டு அடித்த அதே படிவம். அவருக்கு ரொம்பத் திருப்தி.

நான் அடிக்காமல் விட்டிருந்தால், அத்தான் விரலும் போகாமல் இதே தாள் இங்கேயே இருந்திருக்கும்.

நவம்பர் 1 – வெள்ளி

தீபாவளி நேற்று. ஊரே வெடித்தது. எங்கள் வீட்டில் ஒரு மத்தாப்புகூட இல்லை. அத்தான் காதில் பஞ்சை வைத்துக்கொண்டு படுத்திருந்தார். மிஷின் தாடை மூடுகிற சத்தமும் இப்படித்தான் கேட்கிறது என்று பிரீத்திகாவிடம் சொல்லியிருக்கிறார்.

டிசம்பர் 8 – ஞாயிறு

மற்ற படிவங்கள் குறைந்தது குறைந்ததாகவே இருக்கிறது. அதில் தப்பு ஒன்றும் இல்லை. பசை வாளிக்குப் படிவம் இல்லாமலும் பசை வழியவில்லை. நான் செய்தது எல்லாம் தப்பு என்றால் அழுதுவிட்டுப் போகலாம். அப்படியும் இல்லை.

அத்தான் இடது கையால் கையெழுத்துப் போடப் பழகுகிறார். பழைய காலண்டர் தாளின் பின்பக்கமெல்லாம் சங்கரலிங்கம், சங்கரலிங்கம். ஒன்றாம் வகுப்புப் பிள்ளை எழுத்து. படியில் இறங்கும்போது பார்த்தேன். அக்கா பக்கத்தில் உட்கார்ந்து தாளைப் பிடித்துக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் எழுந்து உள்ளே போய்விட்டாள்.

ஜனவரி 20, 2025 – திங்கள்

பொங்கல் முடிந்து அத்தான் இன்று வேலைக்கு வந்தார். அண்ணாச்சி சொன்ன வாக்குத் தவறவில்லை. கேட்டில் உட்காரும் வேலை கொடுப்பதாக இருந்தது. பஞ்சிங் பக்கம் பதினேழாம் படிவத்தைக் கொண்டுபோய்க் கையெழுத்து வாங்கி வர ஓர் ஆள் வேண்டும் என்று சொல்லி, அதற்குப் பதிலாக இந்த வேலையை அத்தானே கேட்டு வாங்கிக்கொண்டாராம். எனக்கு இன்று காலையில்தான் தெரியும்.

அத்தான் மிஷினில் இப்போது விக்னேஷ்வரன் என்கிற ஆள். சாத்தூர்க்காரர், முப்பது வயது இருக்கும். வேகமான கை. சேர்ந்த ஒரு மாதத்திலேயே எல்லோரையும் மிஞ்சிவிட்டார். தாளை மட்டும் சிப்ட் முடிகிறபோது மொத்தமாக எழுதிவிடுவார், மிஷினை நிறுத்துவதில்லை. இரண்டு தடவை சொல்லிப் பார்த்தேன். சரி மேடம் என்பார். நான் திரும்பியதும் ஓட்டுவார்.

மத்தியானம் மூன்று மணிக்கு அத்தான் அட்டைக்கிளிப்பில் தாளை மாட்டி எடுத்துக்கொண்டு அங்கே போனார். நான் பேஸ்டிங் மேஜைப் பக்கம் நின்றிருந்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை.

"ஓடட்டும்ணே. அங்கன வச்சுட்டுப் போங்க, அப்புறமா எழுதிக்கிடுதேன்" என்றார் விக்னேஷ்வரன், கையை எடுக்காமல்.

அத்தான் வைக்கவும் இல்லை, போகவும் இல்லை. வீட்டில்கூட அவர் வலது கையைத் துண்டுக்கு வெளியே எடுப்பதில்லை. சாப்பிடும்போதும் மடியில்தான் இருக்கும். அக்காவைத் தவிர, கட்டுப் பிரித்த பிறகு அதை யாரும் பார்த்ததில்லை, நான் உட்பட. அங்கே நின்றபடி துண்டை உதறித் தோளில் போட்டார். கிளிப்பை அந்தக் கைக்கு மாற்றினார். மிச்சமிருந்த விரல்களால் அதைப் பிடித்து, விக்னேஷ்வரன் முகத்துக்கு நேரே நீட்டினார்.

விக்னேஷ்வரன் தாளைப் பார்க்கவில்லை. லீவரை இழுத்தார். சக்கரம் ஓய்ந்து நிற்கக் கொஞ்ச நேரம் ஆனது. அதுவரைக்கும் அத்தான் கையை இறக்கவில்லை. பிறகு விக்னேஷ்வரன் தண்ணீர் குடிக்கப் போனார்.